ஒரே எண்ணில் இரண்டு கால்வின்

என் தம்பி கபிரியேல் காலையில் கோப்பி குடித்ததும் செய்கிற முதல் வேலை, தன் மகனுடைய பெயர் உலகத்தில் எங்கெங்கே வந்திருக்கிறது என்று பார்ப்பது. நெற்றியில் கிடக்கும் கண்ணாடியை இறக்குவான். மேசை விரிப்பை நீவிவிடுவான். நீளமான ரிஜிஸ்டர் புத்தகம் ஒன்றைத் திறந்து இடது கைப் பக்கம் வைப்பான். அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டரை முடுக்குவான்.

முப்பத்தைந்து வருஷம் ரயில்வே சிக்னல் கேபினில் இருந்தவன் அவன். கிள்ளான் லைனில் அவன் டூட்டியில் இருந்த நாளில் ஒரு வண்டி நிற்கிற இடத்துக்கு இன்னொரு வண்டி வந்தது கிடையாது. அடுத்த ஸ்டேஷன்காரன் 'லைன் கிளியர்' கொடுத்தால்தான், அதாவது பாதை காலி, அனுப்பு என்று சொன்னால்தான், இவன் வண்டியை விடுவான். வந்த நேரம், போன நேரம் எல்லாம் ரிஜிஸ்டரில் ஏறும். பென்ஷன் வாங்கிக்கொண்டு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகும் அந்தப் புத்தகப் பழக்கம் அவனை விடவில்லை. குழாயில் தண்ணீர் நின்ற நேரத்தை எழுதினான். லிஃப்ட் கெட்ட நாளை எழுதினான். "அண்ணி, நான் குளிக்கப் போற நேரத்தையும் எழுதுறாரான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று அவன் மனைவி புனிதா என்னிடம் சொல்லுவாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். மனசு அதைவிட நீளம்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை. கால்வின். பெட்டாலிங் ஜெயா பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கிறான், கொசுவைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறான். கம்போங் மேடான் அடுக்குமாடிகளில் எந்தத் தொட்டியில், எந்த லோங்காங்கில், அதாவது சாக்கடை வாய்க்காலில், தேங்கின தண்ணீரில் டெங்கி கொசு முட்டையிடுகிறது என்று குப்பியும் கையுமாக அலைவான். எழுதுவதிலும் சளைத்தவன் இல்லை. ஆனால் எழுதியதை எடுத்து அடுக்கி வைக்கத் தெரியாது. சின்ன வயசில் சட்டையைக் கழற்றிய இடத்திலேயே போட்டுவிட்டுப் போவான், அதே குணம்தான்.

ஆராய்ச்சிக்காரர்களுக்கு எழுதினால் மட்டும் போதாதாம். ஆளுக்கு ஒரு பதினாறு இலக்க எண் உண்டு. அந்த எண்ணுக்குக் கீழே தன் கட்டுரைகளை எல்லாம் ஒன்றுவிடாமல் சேர்த்து வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எங்கோ இருக்கிற இன்னொரு கால்வின் கணக்கில் இவனுடையது போய்ச் சேரும்; இவன் எழுதவே இல்லை என்று ஆகிவிடும். கால்வின் இருபத்து நான்கு கட்டுரை எழுதியிருந்தான். அவன் எண்ணுக்குக் கீழே இருந்தது இரண்டுதான். ஊரடங்கு நேரத்தில் ஒருநாள், "அப்பா, நீங்க சும்மாதானே இருக்கீங்க, இதக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். விளையாட்டுக்குத்தான் சொன்னானோ என்னவோ, வாங்கியவன் விளையாட்டாக வாங்கவில்லை.

மூன்றே மாதத்தில் இருபத்து நான்கும் வரிசைக்கு வந்தன. ஒவ்வொன்றுக்கும் ரிஜிஸ்டரில் ஒரு வரி: தேதி, நேரம், கட்டுரைப் பெயர், எந்த இதழ், ஏற்றியாயிற்று. இங்கிலீஷ் பெயர்களை அவன் எழுத்துக்கூட்டி எழுதுவதைப் பார்த்துப் புனிதா, ரயிலுக்கே இவ்வளவு பெரிய பெயர் வைக்கவில்லையே என்பாள்.

கட்டுரைகளின் பெயர் மட்டும் இருந்தால் போதாது, ஜனங்கள் படிக்க வேண்டும் என்று முழுக் கட்டுரைகளையும் தூக்கி வலையில் போட்டான். போட்ட இரண்டாவது வாரம் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பெயர் டீனா. இந்த மாதிரி ஆராய்ச்சிக்காரர் பக்கங்களைப் பார்த்துக்கொள்வதுதான் அவளுக்கு உத்தியோகம். இதழ் அச்சடித்த பக்கங்களை அப்படியே போடக்கூடாது அங்கிள், எடுத்துவிடுங்கள் என்றாள். தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. என் மகன் எழுதியதை என் மகன் பெயரில் போட எவனிடம் நான் கேட்க வேண்டும் என்று அவளைப் பிடித்துக்கொண்டான். அவள் பொறுமையாக விளக்கினாள். எழுதிய சரக்கு உங்கள் மகனுடையது, இதழ்காரன் அச்சுக்கோத்த அழகு அவனுடையது. அச்சுக்குப் போவதற்கு முன்னால் கடைசியாகத் திருத்திக் கொடுத்த பிரதி இருக்கும் அல்லவா, அதைத் தாராளமாகப் போடலாம், சில இதழுக்குச் சில மாதம் பொறுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். தம்பி அதைத் தன் பாஷையில் திருப்பிச் சொன்னான்.

"அப்ப சரக்கு நம்முது, பெட்டி அவனுது."

"அப்படியே வச்சுக்குங்க அங்கிள்" என்றாளாம் டீனா.

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் சிநேகம். மகனை நச்சரித்துப் பழைய பிரதிகளை எல்லாம் வாங்கி முறைப்படி போட்டான். அடுத்த வருஷம் கம்போங் மேடானில் ஓர் அடுக்குமாடியைப் பார்த்துக்கொள்கிற தங்கமணி என்கிற அம்மா, கால்வினுடைய கட்டுரையில் இருந்த படத்தைப் பெரிசாக அச்செடுத்து லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருந்தாள். எந்தெந்த மாடியில் தண்ணீர் தேங்குகிறது என்று சிவப்புப் புள்ளி போட்ட படம். தம்பி அங்கே போய் அதைப் பார்த்துவிட்டு வந்தான். போட்டோ எடுத்து எனக்கும் அனுப்பினான். ஒரே படத்தை நான்கு முறை அனுப்பினான்.

கால்வினுக்கு வேலை நிரந்தரம் இல்லை. இரண்டு வருஷம், இரண்டு வருஷம் என்று கான்ட்ராக்ட். போன வருஷம்தான் நிரந்தர உத்தியோகத்துக்கு விண்ணப்பம் கேட்டார்கள். அவன் மனைவி மலர் கிள்ளான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இது கிடைக்கட்டும், பிறகு பிள்ளை பெற்றுக்கொள்வோம் என்று இரண்டு பேரும் நாளைத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். மலருக்கு முப்பத்தாறு ஆகிவிட்டது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, எங்கள் எல்லாருக்கும் அந்தக் கணக்குத் தெரியும்.

அந்த ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை நான் கிள்ளானிலிருந்து ரயில் ஏறிப் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்திருந்தேன். பூசை முடிந்து சாப்பாட்டுக்கு உட்காருகிற நேரம். கால்வின் ஒரு கடிதத்தோடு வந்தான். முகம் சரியில்லை. தேர்வுக் குழுவிலிருந்து வந்த கடிதம் அது. உங்கள் எண்ணுக்குக் கீழே முப்பத்தோரு கட்டுரைகள் இருக்கின்றன, அவற்றில் ஏழு 1961-க்கும் 1969-க்கும் நடுவில் வெளியானவை, நீங்கள் பிறந்தது 1986, பிறர் எழுதியதை உங்களுடையது என்று காட்டியதற்கு வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தரவும், தவறினால் விண்ணப்பம் தள்ளுபடி செய்யப்படும்.

புனிதாவுக்கு விஷயம் புரிய நேரம் ஆயிற்று. "பொறக்கறதுக்கு முன்னாடியே எழுதிட்டியாடா? அப்ப ஏன் ஸ்கூல்ல வீட்டுப்பாடம் மட்டும் எழுதாம வந்த?" என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. தம்பி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய் ரிஜிஸ்டரைக் கொண்டுவந்தான். பக்கத்தைத் திருப்பி மகன் முன்னால் வைத்தான். நான் எட்டிப் பார்த்தேன். ஏழு வரி இருந்தது. தேதி இருந்தது, பெயர் இருந்தது. நேரம் எழுதுகிற கட்டம் ஏழிலும் காலியாக இருந்தது. என் தம்பி வாழ்க்கையில் நேரம் எழுதாமல் விட்ட வரிகள் அவைதான்.

இந்த இடத்தில் எங்கள் குடும்பத்துப் பெயர் விவரத்தைச் சொல்லியாக வேண்டும். டெங்கில் என்கிற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர் எங்கள் தாத்தா. அவர் பெயர் கபிரியேல். பாட்டிக்கு முதல் பிரசவம் மூன்று நாள் இழுத்தது. தோட்டத்து வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் வந்து தாயையும் பிள்ளையையும் காப்பாற்றினார். அவர் பெயர் கால்வின். பிள்ளைக்கு டாக்டர் பெயர்தான் என்று தாத்தா நின்றார். நம் சபையை எதிர்த்துப் பிரிந்தவன் பெயர் அல்லவா, கத்தோலிக்கப் பிள்ளைக்கு வைக்கிற பெயரா இது என்று சாமியார் முகத்தைச் சுளித்தாராம். தாத்தாவுக்கு அந்த வில்லங்கம் எல்லாம் தெரியாது. பிழைத்த பெண்சாதியைக் காட்டினார். சாமியார் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றிவிட்டார். அந்தப் பிள்ளைதான் எங்கள் அப்பா. 1921-இல் பிறந்தவர்.

மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் என்பது எங்கள் வழக்கம். அதனால் என் தம்பி கபிரியேல் ஆனான். அவன் பிள்ளை கால்வின் ஆனான். இந்த நாட்டில் நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, ஐ.சி. என்கிற அடையாள அட்டையில் இன்னாருடைய மகன் இன்னார் என்றுதான் போடுவார்கள். என் அப்பாவும் கபிரியேல் மகன் கால்வின், என் மருமகனும் கபிரியேல் மகன் கால்வின். கல்யாண வீடுகளில் பெரிய கால்வின், சின்ன கால்வின் என்று சொல்லி நாங்கள் சமாளித்துக்கொள்வோம். மிஷினுக்கு அப்படிச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை.

அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர், கட்டுப் போட்டு மருந்து கொடுக்கிறவர். டாக்டர் வராத நாளில் டாக்டர் அவர்தான். மலேரியா அதிகமாக இருந்த வருஷங்களில் தொழிலாளிகளின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் ஓடுகிற லோங்காங்கில் கொசுப்புழுவைக் கோரி எடுத்து, குப்பி குப்பியாகக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்து எண்ணுவார். அம்மா சத்தம் போடுவாள். எண்ணியதை அப்போதிருந்த டாக்டரிடம் எழுதிக் கொடுத்தார் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். அது கோலாலம்பூரில் ஒரு சுகாதார ஏட்டில் அவர் பெயரிலேயே அச்சானது என்று எங்களுக்கு ஒருவரும் சொன்னதில்லை. அப்பாவும் சொன்னதில்லை. 1972-இல் போய்விட்டார். தம்பிக்கு அப்போது பதினேழு வயசு.

கால்வின் அந்த ஏழு வரிகளைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் மிஷின் தானாகச் சேர்த்துவிட்டதா என்று கேட்டான். அவன் அப்பாவுக்கு ஒரு வழி விட்டுக் கொடுத்தான் என்று நினைக்கிறேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழி மிஷின் மேல் போயிருக்கும். தம்பி அந்த வழியில் போகவில்லை.

"மிஷின் கேட்டுச்சு. நான்தான் அமுக்கினேன்."

நடந்தது இதுதான். அந்த வருஷம் ஜனவரியில் ஒருநாள் கம்ப்யூட்டரைத் திறந்ததும், புதிதாக ஒன்று கிடைத்திருக்கிறது, இந்தக் கட்டுரை உங்களுடையதா என்று கேட்டிருக்கிறது. கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான். எழுதியவர் கால்வின், கபிரியேல் மகன். டெங்கில். 1964. லயத்து லோங்காங்கில் கொசுப்புழு. எங்கோ வெளிநாட்டு நூலகத்தில் பழைய ஏடுகளை எல்லாம் படம் பிடித்து வலையில் போட்டிருக்கிறார்கள், அதிலிருந்து வந்தது. முதல் பக்கம் மட்டும் படமாகத் தெரிந்தது. அப்பா பெயர் அச்சில் இருந்ததைத் தம்பி அதற்கு முன்னால் பார்த்தது கல்லறையில்தான்.

"தெரியாம அமுக்கலடா. தாத்தாதுன்னு தெரிஞ்சுதான் அமுக்கினேன். எங்கப்பன் பேரைக் காட்டி, இது உங்க ஆளா இல்லையான்னு கேக்குது. இல்லைன்னு எப்படிடா அமுக்குறது?"

ஒன்றுக்கு ஆம் என்றதும் அடுத்த வாரம் மிஷின் இன்னும் இரண்டைக் கொண்டுவந்தது. பிறகு நான்கு. இவன் ஒவ்வொன்றுக்கும் ஆம் என்றான். ஒருவரிடமும் சொல்லவில்லை.

நான் கால்வின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் போடுவான் என்று நினைத்தேன். அவன் லேப்டாப்பைத் திறந்து அந்த 1964 பக்கத்தைப் படித்தான். இரண்டு முறை படித்தான். தாத்தாவும் கொசுதானா என்று என்னிடம் கேட்டான். ஆமாம் ஐயா, குப்பி வைத்து எண்ணுவார் என்றேன். பிறகு, இப்பவே இந்த ஏழையும் எடுத்துவிடுகிறேன், குழுவுக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன் என்று பொத்தான் மேல் கை வைத்தான்.

"எடுத்தா எங்க போகும்?" என்று தம்பி கேட்டான்.

எங்கும் போகாது, யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும் என்றான் கால்வின். தம்பி ரிஜிஸ்டரை மூடிவிட்டான். அடுத்த ஸ்டேஷன் லைன் கிளியர் கொடுக்காமல் நான் வண்டியை அனுப்ப மாட்டேன், முதலில் அப்பாவுக்கு ஓர் இடம் வேண்டும், அதற்குப் பிறகு எடுக்கலாம் என்றான். புனிதாவுக்கு அப்போதுதான் முழுக்கப் புரிந்தது. இத்தனை வருஷத்தில் அவள் புருஷனைப் பார்த்துச் சத்தம் குறைத்துப் பேசியதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். "செத்தவரு அம்பது வருஷமா இருந்த எடத்துலதான் இருக்காரு. இருக்கிற பிள்ளை வெள்ளிக்கிழமை எங்க இருப்பான்னு பாருங்க."

திங்கட்கிழமை தம்பியும் நானும் எல்.ஆர்.டி. ரயில் பிடித்து டீனாவைப் பார்க்கப் போனோம். இரண்டு கால்வினையும் தனித்தனியாகக் காட்டப் பிறந்த வருஷம், இறந்த வருஷம், வேலை எல்லாம் வேண்டும் என்று போனிலேயே சொல்லியிருந்தாள். தம்பி அப்பாவின் சாவுச் சர்ட்டிபிகேட் நகலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தான். டீனா சின்னப் பெண்தான், ஆனால் கேட்கிற கேள்வி எல்லாம் சரியாக இருந்தது. அப்பா எந்தத் தோட்டம், எந்த வருஷத்திலிருந்து டிரெசர், கூட யார் வேலை செய்தார்கள் என்று கேட்டாள். நான் சொன்னேன். குப்பி தூக்கிக்கொண்டு கூடப் போகிற பக்கிரிசாமி, அவர் மைத்துனர் சின்னையா, லயத்துக் கடைசி வீட்டு வள்ளியம்மா வரைக்கும் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

பிறகு உள்ளதைச் சொன்னாள். தோட்டங்களின் சுகாதார வரலாறு என்று நூலகத்தில் ஒரு சேகரிப்பு இருக்கிறது, தாத்தாவின் ஏழு கட்டுரைகளையும் அதில் அவர் பெயரில், வருஷம் போட்டு வைக்கலாம். ஆனால் நூலகத்து மேலதிகாரிகள் சம்மதிக்க வேண்டும், வெளிநாட்டு நூலகத்திடம் முழுப் பக்கங்கள் கேட்க வேண்டும். இரண்டு மாதம் ஆகலாம், மூன்றும் ஆகலாம். கிடைக்காமலும் போகலாம். வெள்ளிக்கிழமைக்குள் நடக்காது.

அப்ப முதலில் வைத்துவிட்டுப் பிறகு எடுக்கலாம் என்று தம்பி திரும்பத் திரும்பச் சொன்னான். டீனா அவன் கையிலிருந்த நகலை வாங்கி மேசையில் வைத்தாள்.

"அங்கிள், தாத்தாவுக்கு அவசரம் இல்ல. கால்வினுக்குத்தான் வெள்ளிக்கிழமை."

திரும்பி வருகிறபோது, இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்தது தெரியாமல் உட்கார்ந்திருந்தவனை நான்தான் கையைப் பிடித்து இறக்கினேன். ரயிலில் அவனை இன்னொருவர் இறக்கிவிட்டது அன்றைக்குத்தான்.

செவ்வாயும் புதனும் ஒன்றும் நடக்கவில்லை. கால்வின் நினைத்திருந்தால் தன் எண்ணைத் தானே திறந்து எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. ஏன் என்று பிற்பாடு கேட்டேன். அத்தை, அப்பா ஏற்றினது, அப்பாதான் இறக்கணும் என்றான்.

வியாழக்கிழமை காலையில் தம்பி போன் செய்தான். அக்கா, கொஞ்சம் வந்து பக்கத்தில் இரு என்றான். நான் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. மேசை விரிப்பு நீவியிருந்தது, ரிஜிஸ்டர் திறந்திருந்தது. கோப்பி தொடாமல் ஆறிப்போயிருந்தது. புனிதா அடுப்படி வாசலில் நின்றாள். முதல் கட்டுரையைக் கொண்டுவந்து நிறுத்தினான். இது என்னுடையது அல்ல என்கிற பொத்தானை அமுக்கினான். மிஷின், நிச்சயமாகவா என்று மறுபடி கேட்டது. அதற்கும் அமுக்க வேண்டியிருந்தது. கடிகாரத்தைப் பார்த்து 10.14 என்று எழுதினான். அடுத்தது 10.16. ஐந்தாவதில் கொஞ்சம் நின்றான். அது 1964, மிஷின் முதன்முதலில் காட்டியது. 10.31 என்று எழுதினான். ஏழும் முடிந்தது.

பிறகு குழுவுக்குத் தன் கையாலேயே ஒரு கடிதம் எழுதினான். இதை என் மகன் செய்யவில்லை, நான் செய்தேன். அந்தக் கட்டுரைகள் என் தகப்பனாருடையவை, அவருக்கும் என் மகனுக்கும் ஒரே பெயர். முப்பத்தைந்து வருஷத்தில் நான் ஒரு லைனில் இரண்டு வண்டியை விட்டதில்லை, இப்போது விட்டுவிட்டேன். ரிஜிஸ்டர் பக்கங்களின் நகலையும் சாவுச் சர்ட்டிபிகேட்டையும் கூட வைத்தான். அதை வாங்கிக்கொண்டு போக வந்த கால்வினுக்குத் தயக்கம். லெக்சரர் பாஸ்வேர்ட் அவன் அப்பன் கையில் இருக்கிறது என்று தெரிந்தால் மானம் போய்விடும்.

"சிரிப்பாங்கப்பா."

"சிரிக்கட்டும். வேலையக் குடுத்துட்டுச் சிரிக்கட்டும்."

கொடுத்தார்கள். ஆகஸ்ட் மாதம் கடிதம் வந்தது. நேர்முகத்தில் ஒருவர், உங்கள் பக்கத்தை இப்போதும் உங்கள் அப்பாதான் பார்த்துக்கொள்கிறாரா என்று கேட்டாராம். ஆமாம், ஆனால் இப்போது நானும் பார்க்கிறேன் என்று கால்வின் சொன்னானாம். சிரிக்கத்தான் செய்தார்களாம்.

தம்பிக்கு அந்தச் சந்தோஷம் பாதிதான். ஒவ்வொரு திங்கட்கிழமையும் டீனாவுக்குப் போன் செய்து, லைன் கிளியர் ஆச்சா என்று கேட்பான். இல்லை அங்கிள் என்பாள். ஒருநாள் அவளே, சும்மா கேட்டுக்கொண்டிருக்காமல் எனக்கு ஒரு வேலை செய்யுங்கள் என்றாள். தாத்தாவின் கட்டுரையில் லயம், வாய்க்கால் என்றெல்லாம் வருகிறது, இன்றைக்கு அங்கே வீடுகள் வந்துவிட்டன, எது எங்கே இருந்தது, யார் கூட நின்றார்கள் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள், சேகரிப்பின் முன்னால் வைக்கலாம் என்றாள். நான் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். பக்கிரிசாமிக்கு எந்தக் காலில் செருப்பு அறுந்திருக்கும் என்றுகூட நான் சொன்னேன், அதை மட்டும் அவன் எழுத மறுத்துவிட்டான்.

ஜனவரி கடைசியில் டீனாவிடமிருந்து லிங்க் வந்தது. கால்வின், கபிரியேல் மகன், 1921–1972, தோட்ட ஆஸ்பத்திரி டிரெசர், டெங்கில். கீழே ஏழு கட்டுரைகள், முழுசாக. தம்பி ரிஜிஸ்டரில் அந்த ஏழு பழைய வரிகளுக்கு எதிரே சிவப்பு மையில் 'லைன் கிளியர்' என்று எழுதி நேரம் போட்டான். கால்வின் அவற்றை அச்செடுத்துக்கொண்டு போனான். கம்போங் மேடானில் இன்றைக்கு எண்ணுவதையும் டெங்கிலில் அன்றைக்கு எண்ணியதையும் பக்கத்தில் வைத்து ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி எல்லாரும் பிரிக்பீல்ட்ஸில் கூடினோம். மலருக்கு ஏழாவது மாதம். பையன் என்று சொல்லிவிட்டார்கள். வழக்கப்படி பார்த்தால் பேரனுக்குத் தாத்தா பெயர், கால்வின் மகன் கபிரியேல். அதாவது என் தம்பியின் பெயர், எழுத்து மாறாமல். கால்வின் அதைச் சொல்லவும் முடியாமல் விடவும் முடியாமல் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தான். தம்பியே எடுத்துக் கொடுத்தான்.

"தாராளமா வைங்கடா. உங்க தாத்தா பேர்லதான் ஏழு பேப்பர். என் பேர்ல என்னா இருக்கு? லைன் காலி."

மலர் கால்வினைப் பார்த்தாள். கால்வின் லேப்டாப்பை எடுத்து அப்பா பக்கம் திருப்பி வைத்தான். டீனா வெள்ளிக்கிழமை அனுப்பியதாம், நீங்கள் இன்னும் திறக்கவே இல்லையே என்றான். அப்பாவின் ஏழு கட்டுரைகளுக்கு மேலே, முன்னால் வைத்த அந்த இரண்டு பக்கம். எழுதியவர்: கபிரியேல், கால்வின் மகன், 1955, அதற்குப் பிறகு ஒரு சின்னக் கோடு, கோட்டுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. உங்கள் பெயருக்கும் ஒரு எண் எடுத்திருக்கிறேன் அங்கிள், இது உங்களுடையதுதான் என்று நீங்களே உறுதி செய்யுங்கள் என்று எழுதியிருந்தாள்.

புனிதா குனிந்து பார்த்தாள். "கோட்டுக்கு அந்தாண்ட காலியா இருக்கு. அது பாட்டுக்கு அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அப்ப பேரனுக்கு லைன் காலி இல்லை லா என்று கால்வின் சொன்னான். மலர் சிரித்தாள். என்ன பெயர் என்பது அன்றைக்கு முடிவாகவில்லை. தம்பியின் காதில் அது எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. திரையில் இருந்த கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தக் கட்டுரை உங்களுடையதா? ஆம், இல்லை.

"அமுக்கு தம்பி" என்றேன்.

"இரு அக்கா."

கையைத் துடைத்துக்கொண்டு ரிஜிஸ்டரைத் திறந்தான். கண்ணாடியை இறக்கினான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முதலில் நேரத்தை எழுதினான். 1.25. பிறகு அமுக்கினான்.